அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஜெர்மன்: இரு வீழ்ச்சிகளும் நிலைபேற்றுக்கான வழிகளும்

1. ஆய்வுச் சிக்கல்

அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களில் எந்த மொழியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதை அந்நாட்டின் நவீன மொழிச் சங்கம் 1958 முதல் கணக்கெடுத்து வருகிறது. அந்தக் கணக்கில் 1968இல் ஜெர்மன் வகுப்புகளுக்கு 2,16,263 பதிவுகள் இருந்தன, 2021இல் 53,543. அரை நூற்றாண்டில் நான்கில் மூன்று பங்கு போய்விட்டது. 2016க்கும் 2021க்கும் இடையில் மட்டும் சரிவு 33.6 விழுக்காடு. அதே ஐந்தாண்டில் எல்லா அயல்மொழிகளும் சேர்ந்து கண்ட சரிவு 16.6 விழுக்காடுதான். கொரிய மொழியின் பதிவுகளோ 38 விழுக்காடு கூடின. ஆகவே பெருந்தொற்றையும் கல்லூரிச் சேர்க்கையின் பொதுவான தளர்ச்சியையும் மட்டும் காட்டி ஜெர்மனின் நிலையை விளக்கிவிட முடியாது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: ஆங்கிலம் உலகப் பொதுமொழி ஆகிவிட்டது, ஸ்பானியம் பெருகிவிட்டது, மாணவர்கள் உடனடி வேலை தரும் படிப்பையே நாடுகிறார்கள். மூன்றும் உண்மை. ஆனால் ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரு பல்கலைக்கழகம் ஜெர்மன் துறையை இழுத்து மூட, இன்னொன்றில் அதே துறை வளர்ந்தது ஏன் என்ற கேள்விக்கு இவற்றில் விடை இல்லை.

இக்கட்டுரையின் வாதம் இது: அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் ஒருபோதும் இலக்கியப் பாடமாக மட்டும் தழைத்ததில்லை. குடியேறிகளின் சமூகம், ஆய்வறிவு, பட்டத்துக்கான கட்டாயம், தேசியப் பாதுகாப்பு என ஒவ்வொரு காலத்திலும் வேறொரு தேவையோடு பிணைந்தே அது நின்றது. பிணைப்பு அறுந்தபோதெல்லாம் சரிந்தது. 1917க்குப் பின் நேர்ந்த முதல் வீழ்ச்சி அரசியலால் வந்தது. 1968க்குப் பின் தொடங்கிய இரண்டாவது வீழ்ச்சி பாடத்திட்ட விதிகளின் வழியாக வந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் இன்றைய மருந்துகள் பல இடம் தவறி விழுகின்றன.

2. எட்டுப் பேர் கொண்ட வகுப்பு: 1825–1914

1815இல் ஜார்ஜ் டிக்னர், எட்வர்ட் எவரெட் என்ற இரு இளைஞர்கள் பாஸ்டனிலிருந்து கப்பலேறி கோட்டிங்கன் பல்கலைக்கழகம் சென்றனர். 1817இல் எவரெட் அங்கே முனைவர் பட்டம் பெற்றார். ஜெர்மன் பல்கலைக்கழகமொன்றில் அப்பட்டம் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே. இருவரும் திரும்பிவந்து ஹார்வர்டில் பேராசிரியர் ஆனார்கள். ஜெர்மானியக் கல்விமுறை மீதான மதிப்பு அமெரிக்காவில் வேர்விட்டது இப்படித்தான்.

ஹார்வர்டில் ஜெர்மன் கற்பிக்க 1825இல் அமர்த்தப்பட்டவர் கார்ல் ஃபோலன். ஜெர்மனியில் தீவிர மாணவர் இயக்கத்தில் இருந்து, அரசின் கண்காணிப்புக்குத் தப்பி வந்த அரசியல் அகதி. முதல் ஆண்டில் வகுப்புக்கு விரும்பி வந்தவர்கள் எட்டே பேர். கடைகளில் ஜெர்மன் நூல்கள் கிடைக்காததால் பாடப்பகுதிகளைத் தனித்தனித் தாள்களாக அச்சடித்து மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். பிறகு வாசக நூலும் இலக்கண நூலும் அவரே எழுதினார். 1830இல் அவர் பேராசிரியர் ஆனார். ஆனால் அந்தப் பதவி ஐந்தாண்டுக்கென நன்கொடையாளர்கள் திரட்டிய பணத்தில் இயங்கியது. அதற்குள் ஃபோலன் அடிமைமுறை ஒழிப்பு இயக்கத்தில் வெளிப்படையாக இறங்கியிருந்தார். 1835இல் கெடு முடிந்தபோது பதவி நீட்டிக்கப்படவில்லை. நன்கொடையில் நிற்கும் மொழி இருக்கையின் பலமும் பலவீனமும் இந்த முதல் நிகழ்விலேயே தெரிந்துவிட்டன.

அதன்பின் ஜெர்மனுக்கு இரண்டு தாங்குதூண்கள் அமைந்தன. ஒன்று, குடியேறிகளின் சமூகம். மில்வாக்கி, சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ் போன்ற நகரங்களில் தேவாலயம், நாளிதழ், பள்ளி எல்லாம் ஜெர்மனில் நடந்தன. மற்றொன்று, ஆய்வறிவு. 19ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 9,000 அமெரிக்கர்கள் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் படித்தார்கள். 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அங்கிருந்த ஆய்வரங்க முறையையும் முனைவர் பட்ட முறையையும் முன்மாதிரியாகக் கொண்டது. வேதியியலோ, தத்துவமோ, செவ்வியல் மொழிகளோ எதில் ஆய்வு செய்தாலும் ஜெர்மன் வாசிக்கத் தெரிய வேண்டும் என்பது எழுதப்படாத விதியாகி, பின்னர் எழுதப்பட்ட விதியும் ஆயிற்று. 1883இல் நவீன மொழிச் சங்கம் உருவானபோது அதில் ஜெர்மன் பேராசிரியர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். 1915இல் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 24 விழுக்காட்டினர் ஜெர்மன் படித்தார்கள்.

3. முதல் வீழ்ச்சி: 1917–1923

1917 ஏப்ரலில் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராக முதல் உலகப்போரில் இறங்கியதும் முதல் தூண் முறிந்தது. 1918 மே மாதம் அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் ஆணை பிறப்பித்தார்: பள்ளி, பொது இடம், ரயில், தொலைபேசி, வழிபாடு எங்கும் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது. பல மாநிலங்கள் பள்ளிகளில் ஜெர்மனைத் தடைசெய்தன. லிலியன் ஸ்ட்ரோபே 1915இல் மிடில்பரி கல்லூரியில் தொடங்கியிருந்த ஜெர்மன் கோடைப்பள்ளி 1918இல் மூடப்பட்டது. மீண்டும் திறக்க 1931 ஆயிற்று. 1922இல் உயர்நிலைப்பள்ளிகளில் ஜெர்மன் படித்தோர் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. ஏழாண்டில் இவ்வளவு ஆழமாக விழுந்த பள்ளிப்பாடம் அந்நாட்டுக் கல்வி வரலாற்றில் அரிது.

நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் இயற்றிய சட்டம் எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைகளுக்கு அயல்மொழி கற்பிப்பதைக் குற்றமாக்கியது. ஹாம்ப்டன் என்ற சிற்றூரில் லூத்தரன் திருச்சபைப் பள்ளியின் ஆசிரியர் ராபர்ட் மேயர், இடைவேளை நேரத்தை நீட்டி அதில் ஜெர்மன் கற்பித்துவந்தார். 1920 மே 25 அன்று மாவட்ட அரசு வழக்கறிஞர் வகுப்பறைக்குள் வந்தபோது பத்து வயது மாணவன் ஒருவன் ஜெர்மனில் விவிலியக் கதை வாசித்துக்கொண்டிருந்தான். மேயருக்கு 25 டாலர் அபராதம். மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. 1923 ஜூன் 4 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. பெற்றோரின் உரிமை பற்றிய அமெரிக்க அரசியல் சட்ட விவாதங்களில் இன்றும் அடிப்படையாக மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. ஆனால் தீர்ப்பு வந்ததால் மாணவர் திரும்பவில்லை. சட்டத்தடை நீங்குவது வேறு, பள்ளியில் ஆசிரியர் பணியிடமும் ஊரில் அந்தப் பாடத்துக்குத் தேவையும் மறுபடி உண்டாவது வேறு.

இங்கே கவனிக்க வேண்டியது: பள்ளி அளவில் ஜெர்மன் ஏறக்குறைய மறைந்தபோதும் பல்கலைக்கழகத்தில் அது மறையவில்லை. காரணம், இரண்டாவது தூண் முறியவில்லை. 1920களிலும் வேதியியல், இயற்பியல் ஆய்வாளர்கள் ஜெர்மன் ஆய்விதழ்களை வாசித்தே ஆக வேண்டியிருந்தது. அமெரிக்க ஜெர்மன் ஆசிரியர் சங்கம் 1926இல் உருவானது. பகைமொழி என்ற பழியைச் சுமந்தபடியே ஆய்வுமொழி என்ற தகுதியால் அது பிழைத்தது.

4. உச்சமும் இரண்டாம் வீழ்ச்சியும்

இரண்டாம் உலகப்போரில் 1917 திரும்பவில்லை. மாறாக, அமெரிக்க இராணுவம் 1943இல் பல்கலைக்கழகங்களிலேயே வீரர்களுக்குச் செறிவான மொழிப்பயிற்சி அளித்தது. பேச்சுக்கு முதலிடம் தரும் கற்பித்தல் முறை அங்கிருந்து பரவியது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் ஏவியதும், 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அறிவியல், கணிதத்தோடு அயல்மொழிக் கல்விக்கும் அரசுப்பணம் பாய்ந்தது. பிளவுண்ட பெர்லின் செய்தியின் நடுவில் இருந்த காலம் அது. போருக்குப் பிந்தைய தலைமுறை கல்லூரிக்குள் நுழைந்த காலமும் அதுவே. இவை எல்லாம் சேர்ந்த உச்சம்தான் 1968இன் எண்ணிக்கை.

ஆனால் அந்த எண்ணிக்கையின் பெரும்பகுதியைத் தாங்கியது ஒரு விதி: இளங்கலைப் பட்டத்துக்கு அயல்மொழி கட்டாயம். 1960களின் கடைசியில் மாணவர் போராட்டங்களின் அழுத்தத்தில் கட்டாயப் பாடங்கள் தளர்ந்தன. அதே நேரத்தில் அறிவியல் துறைகள் முனைவர் பட்டத்துக்கான ஜெர்மன் வாசிப்புத் தேர்வை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. ஆய்விதழ்களின் மொழி ஆங்கிலமாகியிருந்தது. 1980இல் ஜெர்மன் பதிவுகள் 1,26,910. பன்னிரண்டு ஆண்டில் 41 விழுக்காடு இழப்பு. யாரும் ஜெர்மனைத் தடைசெய்யவில்லை. யாரும் ஒரு புத்தகத்தைக்கூட எரிக்கவில்லை. பாடத்திட்டக் குழுக் கூட்டங்களில் விதிகள் திருத்தப்பட்டன, அவ்வளவுதான்.

அடுத்த சான்று இன்னும் கூர்மையானது. பெர்லின் சுவர் விழுந்து, ஒன்றுபட்ட ஜெர்மனி ஐரோப்பாவின் பொருளாதார மையமான அந்த ஐந்தாண்டில், 1990க்கும் 1995க்கும் இடையே, பதிவுகள் 1,33,348இலிருந்து 96,263 ஆகக் குறைந்தன. ஒரு நாட்டின் செல்வாக்கு உயர்ந்தால் அதன் மொழிக்கு மாணவர் தானே வருவர் என்ற நம்பிக்கையை இந்தக் கணக்கு உடைக்கிறது. இன்று அந்த முரண் மேலும் கூடியிருக்கிறது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களே ஆங்கிலவழி முதுகலைப் படிப்புகளைப் பெருக்கியுள்ளன. அங்கே படிக்கும் அயல்நாட்டு மாணவர்களில் இன்று முதலிடத்தில் இருக்கும் இந்தியர் பலர் அந்த வழியாகத்தான் போகிறார்கள். ஜெர்மனிக்குப் போக ஜெர்மன் வேண்டியதில்லை என்றானபின், அமெரிக்க மாணவருக்கும் வெறும் பயண ஆசை போதிய உந்துதல் ஆகாது.

துறைகள் கைகட்டி நிற்கவில்லை. 1970களில் இலக்கிய வரலாற்றை மட்டும் கற்பிக்கும் பழைய மரபிலிருந்து வரலாறு, திரைப்படம், அரசியல், பெண்ணியம் ஆகியவற்றைச் சேர்த்த ஜெர்மானியவியல் உருவாயிற்று. விஸ்கான்சினில் தோன்றிய ‘நியூ ஜெர்மன் கிரிட்டிக்’ இதழும், 1976இல் தொடங்கி இன்று ஜெர்மன் ஆய்வுச் சங்கம் எனப் பெயர் பெற்றுள்ள அமைப்பும் அந்தத் திருப்பத்தின் விளைவுகள். அறிவுத்தளத்தில் இது பெரும் வளர்ச்சி. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. யூத இனப்படுகொலை, வைமார் திரைப்படம், காஃப்கா ஆகியவற்றை ஆங்கிலத்தில் கற்பித்த வகுப்புகள் நிரம்பின. அந்த மாணவர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் இலக்கணத்தின் பக்கம் திரும்பவில்லை. இருக்கைகள் நிரம்பினாலும் மொழிவகுப்பு காலியாகவே இருந்தது.

5. எண்ணிக்கை எப்படிப் பூட்டாகிறது

ஜெர்மன் துறையின் உள்ளமைப்பு ஒரு கூர்ங்கோபுரம். பதிவுகளில் மிகப்பெரும் பங்கு முதல் நான்கு பருவங்களில் இருக்கிறது; மேல்நிலை வகுப்புகளில் சிலர். கீழ்த்தட்டு வகுப்புகளை முனைவர் பட்ட மாணவர்களும் ஒப்பந்த ஆசிரியர்களும் நடத்த, மேல்தட்டில் நிரந்தரப் பேராசிரியர்கள் கருத்தரங்கு நடத்துவது வழக்கம். கட்டாய மொழிப்பாடம் நான்கு பருவத்திலிருந்து இரண்டாகக் குறைந்தால் மூன்றாம் பருவத்திலேயே வகுப்பு சுருங்கும். அதற்கு மேலே போகிறவர்கள் இன்னும் சிலரே. நவீன மொழிச் சங்கத்தின் ஆய்வுப்படி, இளங்கலைக்கு மொழியைக் கட்டாயமாக்கிய நிறுவனங்களின் பங்கு 1994–95இல் 67.5 விழுக்காடு, 2009–10இல் 50.7. கூர்ங்கோபுரத்தின் அடித்தளம் அரிக்கப்படுவது இந்த இரண்டு எண்களில் தெரிகிறது.

உச்சியில் காத்திருப்பது இன்னொரு கத்தி: பட்டம் பெறுவோர் எண்ணிக்கை. டெக்சாஸ் மாநிலம் ஐந்தாண்டில் 25 இளங்கலைப் பட்டங்களுக்குக் குறைவாக வழங்கும் படிப்புகளைக் குறைவுற்றவை என வகைப்படுத்தியது. இண்டியானா 2025இல் இயற்றிய சட்டம் அதைவிடக் கடுமையானது: மூன்றாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 15 இளங்கலை, 7 முதுகலை, 3 முனைவர் பட்டங்கள் இல்லையென்றால், மாநில உயர்கல்வி ஆணையத்தின் தனி ஒப்புதல் பெற்றால்தான் அந்தப் படிப்பு தொடரலாம். அந்த ஜூன் மாதமே அம்மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் 400க்கும் மேற்பட்ட படிப்புகளை நிறுத்தவோ இணைக்கவோ முன்வந்தன. ஜெர்மன் படிப்பவர் பலர் அதைப் பொருளியலோடும் பொறியியலோடும் இரண்டாவது முதன்மைப் பாடமாகவே எடுக்கிறார்கள். அந்த இரண்டாவது பாடத்தைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்ற எழுத்தர் அளவிலான முடிவுகூட ஒரு துறையின் உயிரைத் தீர்மானிக்கலாம்.

தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2008இல் தன் ஜெர்மன் துறையை மூடியது. நாஜிகளிடமிருந்து தப்பி லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்ந்த எழுத்தாளர் லியோன் ஃபோய்க்ட்வாங்கரின் நூலகம் அதே பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. அரிய சேகரிப்பு துறையைக் காப்பாற்றவில்லை. 2023இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 4.5 கோடி டாலர் பற்றாக்குறையைக் காட்டி, உலக மொழிகள் துறை முழுவதையுமே கலைக்க முன்மொழிந்தது. எதிர்ப்புக்குப் பிறகு ஸ்பானிய, சீன மொழி வகுப்புகள் சில மிஞ்சின. செப்டம்பர் 15 அன்று ஆட்சிக்குழு 28 படிப்புகளையும் 143 ஆசிரியப் பணியிடங்களையும் நீக்கியது. அங்கே ஜெர்மன் தனித்துறையாக இல்லாமல் பல மொழிகளோடு இணைக்கப்பட்ட துறையில் இருந்தது. செலவைக் குறைக்கவென்று செய்யப்படும் இணைப்பு, பின்னாளில் எல்லா மொழிகளையும் ஒரே வெட்டில் நீக்க வசதியாகிவிடுகிறது.

6. தாக்குப்பிடித்த இரண்டு வடிவங்கள்

முதல் வடிவம் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தினுடையது. அங்கே ஜெர்மன் பேராசிரியராக இருந்த ஜான் கிராண்டின் காஃப்கா ஆய்வாளர். காஃப்கா மீது முந்தைய எழுத்தாளர் கிளைஸ்டின் தாக்கம் பற்றிய அவரது நூல் 1987இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர், பொறியியல் புல முதல்வர் ஹெர்மன் வியட்ஸுடன் சேர்ந்து பன்னாட்டுப் பொறியியல் திட்டத்தைத் தொடங்கினார். மாணவர் ஐந்தாண்டில் இரண்டு பட்டங்கள் பெறுவார்: பொறியியலில் ஒன்று, ஜெர்மனில் ஒன்று. முதல் மூன்றாண்டுகள் ஒவ்வொரு பருவமும் பொறியியலோடு ஜெர்மன் இணையாக ஓடும். நான்காம் ஆண்டு முழுக்க ஜெர்மனியில். ஒரு பருவம் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மாணவர்களோடு வகுப்பு. அடுத்த ஆறு மாதம் அங்குள்ள நிறுவனமொன்றில் பயிற்சிப் பணி. ஐந்தாம் ஆண்டு ஊர் திரும்பி இரு பட்டங்களையும் முடிக்க வேண்டும்.

இதன் நுட்பம் எங்கே? பொறியியல் மாணவருக்கு ஜெர்மன் கூடுதல் சுமையாக வைக்கப்படவில்லை. நான்காம் ஆண்டில் பட்டறையில் மேலாளர் சொல்வதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற கெடு முதல் பருவத்திலிருந்தே கண்முன் இருக்கிறது. அதனால் இரண்டாம் பருவத்தோடு நழுவுவதற்குக் காரணம் இல்லை. கூர்ங்கோபுரம் தூணாக மாறுகிறது. அதைவிட முக்கியம், திட்டத்தை நடத்தும் கை ஜெர்மன் துறையினுடையது. பயிற்சி இடம் தேடுவது, நிறுவனங்களோடு பேசுவது, பயணத்துக்கு முன் மாணவரைத் தயார்செய்வது எல்லாம் அங்கிருந்தே நடந்தன. சேவைத்துறையாகச் சுருங்காமல் பங்காளித்துறையாக நின்றதால்தான் பின்னர் ஸ்பானியம், பிரெஞ்சு, சீனம் ஆகியவற்றுக்கும் அதே வார்ப்பு எடுக்கப்பட்டது.

இரண்டாவது வடிவம் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தினுடையது. ஹைடி பர்ன்ஸ் முதலியோர் வழிநடத்த, 1997க்கும் 2000க்கும் இடையில் அங்குள்ள ஜெர்மன் துறை தன் இளங்கலைப் பாடத்திட்டம் முழுவதையும் கலைத்துக் கட்டியது. முதல் இரண்டாண்டு மொழி, பிறகு இலக்கியம் என்ற பழைய பிரிவினை நீக்கப்பட்டது. முதல் வாரத்திலிருந்தே பண்பாட்டு உள்ளடக்கம். கடைசிப் பருவம் வரை மொழிவளர்ச்சிக்கான திட்டமிட்ட பயிற்சி. நேர்காணல், நாட்குறிப்பு, செய்தி, உரை, விமரிசனம் என்று எழுத்து வகைகளின் வரிசையே படிநிலை ஆயிற்று. பேராசிரியர்களும் முனைவர் பட்ட மாணவர்களும் எல்லாப் படிநிலைகளிலும் கற்பித்தனர். 2007இல் மேரி லூயிஸ் பிராட் தலைமையிலான நவீன மொழிச் சங்கக் குழு, மொழி–இலக்கியம் என்ற ஈரடுக்கு அமைப்பே மொழித்துறைகளின் நோய் என்று நாடு முழுவதற்கும் பரிந்துரை அளித்தபோது, ஜார்ஜ்டவுன் அதை ஏற்கெனவே செய்துமுடித்திருந்தது.

இரு வடிவங்களும் வெளித்தோற்றத்தில் எதிரெதிர். ஒன்று தொழிற்சாலையை நோக்கியது, மற்றது பனுவலை நோக்கியது. ஆனால் இரண்டும் குணப்படுத்தியது ஒரே இடத்தை: இரண்டாம் பருவத்துக்கும் ஐந்தாம் பருவத்துக்கும் இடையிலான ஒழுகல்.

7. மதிப்பீடு

இவற்றை எல்லா இடத்திலும் நகலெடுக்க முடியாது. வலுவான பொறியியல் புலம் இல்லாத சிறு கல்லூரிக்கு ரோட் ஐலண்ட் பாதை மூடியிருக்கிறது. ஜார்ஜ்டவுன் பாதைக்கு ஒருமனமான ஆசிரியர் குழுவும் பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும். இரண்டே ஆசிரியர் எஞ்சியுள்ள துறைக்கு அது எட்டாத உயரம். தொழிலோடு பிணைப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. ஜெர்மன் உற்பத்தித் தொழில் தளர்ந்தால் மொழிக்கான காரணமும் தளரும். 1970களில் அறிவியல் துறைகள் வாசிப்புத் தேர்வைக் கைவிட்டபோது நடந்ததும் இதுதான். ஒற்றைப் பிணைப்பு போதாது என்பதே அந்த வரலாற்றின் பாடம்.

வெளிப்பணமும் அரைத்தீர்வுதான். ஜெர்மன் அரசும் தொழில் அமைப்புகளும் கோதே நிறுவனமும் 2018–19இல் அமெரிக்கா முழுவதும் ‘ஜெர்மனி ஆண்டு’ கொண்டாடின. 2021 கணக்கெடுப்பில் அதன் தடம் தெரியவில்லை. விழாவால் ஆர்வம் பிறக்கலாம். பாடவேளையும் ஆசிரியர் பணியிடமும் கட்டாய விதியும் பல்கலைக்கழகத்துக்குள்தான் பிறக்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இக்கேள்வி அயலானதன்று. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கென உலகத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் திரட்டினார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழ்க்கல்வி மூடும் நிலைக்கு வந்தபோது 2021இல் தமிழ்நாடு அரசு 1.25 கோடி ரூபாய் அளித்தது. நிரந்தர அறக்கட்டளை ஒரு பேராசிரியரின் சம்பளத்தைச் சேர்க்கைக் கணக்கிலிருந்து விடுவிக்கிறது. ஃபோலனுக்குக் கிட்டாத பாதுகாப்பு அது. ஆனால் எதிரே அமரும் மாணவரை அது உண்டாக்குவதில்லை. அந்த மாணவர் எந்தத் துறையிலிருந்து, எந்தத் தேவையோடு வருவார் என்பதையும் சேர்த்துத் திட்டமிடாத இருக்கை, ஆசிரியர் இருந்தும் வகுப்பில்லாத நிலைக்குப் போகக்கூடும்.

8. முடிவுரை

ஜெர்மனின் இரு நூற்றாண்டுப் பயணத்திலிருந்து மூன்று முடிவுகளைத் துணிந்து கூறலாம். முதலாவது, சரிவுக்கான காரணத்தை மொழியின் செல்வாக்கில் தேடுவதைவிடப் பட்டவிதிகளில் தேடுவது பயன்தரும். 1990–95இன் எண்கள் அதற்குச் சான்று. இரண்டாவது, தொடக்கநிலைச் சேர்க்கையைப் பெருக்குவதற்குச் செலவிடும் உழைப்பைவிட, வந்தவரை ஐந்தாம் பருவம் வரை கொண்டுசெல்லும் பாடத்திட்டத்துக்குச் செலவிடும் உழைப்பு துறையை நீண்டகாலம் காக்கிறது. 15 பட்டம் என்ற வரம்பு வைக்கும் அரசுகளின் முன் இது வாழ்வா சாவா என்ற கணக்கு. மூன்றாவது, வேறொரு தேவையோடு பிணைவது மொழித்துறைக்கு இழிவு அன்று. எட்டு மாணவரோடு தொடங்கிய நாளிலிருந்து அதுவே அதன் இயல்பு. அந்தப் பிணைப்பின் கடிவாளம் யார் கையில் என்பதே கேள்வி. அது மொழித்துறையின் கையில் இருக்கும் இடங்களில் ஜெர்மன் நிற்கிறது. நிர்வாகத்தின் செலவுக்கணக்குக்கு விடப்பட்ட இடங்களில், அடுத்த பற்றாக்குறை ஆண்டு வரைதான் அதற்குத் தவணை.